கோழி அம்மைக்கும் முகாம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்தில் 22 நாட்டுக்கோழி வைத்திருந்தேன். இப்போது 16 தான் இருக்கின்றன. ஐப்பசி மழையில் கொசு மொய்த்தது. சில நாளிலேயே குஞ்சுகளின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி கொப்புளம் கிளம்பிவிட்டது.

அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலையைக் கூண்டில் செருகிவிட்டு இருந்துவிட்டோம். வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துத் தடவுவதில் கெடுதல் இல்லை. ஆனால் நோய் கண்டதையும் நல்லதையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்தது என் தப்பு. காய்ந்த பொருக்கைப் பிய்த்தெடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. உதிர்ந்த பொருக்கில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். கொசு கடித்தும் பரவும், கோழிகள் கொத்திக்கொண்ட காயம் வழியாகவும் பரவும்.

இமை ஒட்டிப்போய், தீனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 5 குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, கேழ்வரகுக் கூழை விரலால் தொட்டு அலகில் வைத்தேன். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மடியில் பிடித்து ஊட்டினேன். அப்படிப் பார்த்தவை மூன்று வாரத்தில் தேறிவிட்டன. வாய்க்குள் மஞ்சளாகப் படலம் கட்டிய ஒரு பெட்டையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, மூச்சுத் திணறிப் போய்விட்டது. (இது பிள்ளைகளுக்குத் தொற்றுமோ என்று தெருவில் பலர் பயந்தார்கள். மனிதருக்கு வரும் அம்மை வேறு, இது வேறு. தொற்றாது.)

வந்தபின் இந்தக் கிருமியை ஒழிக்க மருந்து கிடையாது, முன்னாலேயே தடுப்பூசி போட வேண்டும். 6 முதல் 8 வாரக் குஞ்சுக்கு இறக்கையின் மெல்லிய சவ்வில் இரட்டை முனை ஊசியால் குத்துவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் குத்திய இடம் தடித்தால் ஊசி பிடித்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கேட்டு ஒரு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், இந்தக் கொஞ்சக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க முடியாது என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

நம் பழைய வடஆற்காட்டு மண்ணிலேயே, ராணிப்பேட்டையில், 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. கோழி அம்மைக்கான தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது. கூப்பிடு தூரத்தில் மருந்து இருந்தும் என் வாசலுக்கு வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழி நோய்க்குப் பிப்ரவரியில் ஊர் ஊராக வந்து இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். அதேபோல அம்மைக்கும் மழைக்கு முன்னால், ஆவணியில், ஒரு முகாம் போடக் கூடாதா? எங்கள் தெருவில் 9 வீட்டுக் கோழிகளைச் சேர்த்தாலே நூறைத் தாண்டும், ஒரு சொட்டு மருந்தும் வீணாகாது. ஆனால் கால்நடைத் துறையினர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பத்து மணிக்கு வந்தால் ஒரு கோழியும் கையில் அகப்படாது. முதல் நாளே தண்டோரா போட்டுச் சொல்லிவிட்டு, விடியற்காலையில், கூண்டைத் திறக்கும் முன் வாருங்கள். பிடித்துக் கொடுக்க நாங்கள் தயாராக நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலூர் மாவட்டம்