இஞ்சி சோம்பேறிகளின் பயிரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார வேளாண் இணைப்பில் இஞ்சி பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். இஞ்சி சோம்பேறிக்கும் விளையும் பயிராம். ஒரு துண்டைப் புதைத்துவிட்டு மறந்துவிடலாமாம். எங்கள் வீட்டுக்காரர் அந்த வரியைச் சத்தமாக ஒரு தரம் வாசித்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மம்முட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

தளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் பூமி இருக்கிறது. ஒரு ஏக்கர் இஞ்சிக்கு விதைக் கிழங்கு மட்டும் 600 கிலோவுக்குக் குறையாது என்பது தங்களுக்குத் தெரியாததா? அதை 20, 25 கிராம் துண்டுகளாக, முளைக்கண் உடையாமல் ஒடித்து, மருந்துத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். சித்திரை மழைக்கு மேட்டுப்பாத்தி தயாராக இருக்க வேண்டும். நட்ட அன்று தழை மூடாக்கு. 45ஆம் நாள் மறுபடி, 90ஆம் நாள் மறுபடி. அவ்வளவு தழைக்கு எங்கே போவது? ஏரிக்கரைப் புங்கமரத்தை வெட்டினால் ஊரே சண்டைக்கு வருகிறது. இவ்வளவும் முடித்துவிட்டு, கட்டுரையாளர் சொன்னபடி நாங்கள் மறந்துவிட வேண்டியதுதான் பாக்கி.

மறந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதவில்லை. புரட்டாசியில் நாலு நாள் விடாமல் மழை பிடித்தால் இலை நுனியில் இருந்து மஞ்சளாகி வரும். தண்டின் அடியைத் தொட்டால் தண்ணீர் கோத்து நெகிழ்ந்திருக்கும். பிடித்து இழுத்தால் கிழங்கை விட்டுத் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும். தோண்டிப் பார்த்தால் உள்ளே கூழ், அத்தோடு ஒரு நாற்றம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த நாற்றம் சோறு சாப்பிடும்வரை போகாது. அழுகல் நோய் என்கிறோம். பிதியம் என்ற நுண்ணுயிரியால் வருவது என்று தோட்டக்கலை அலுவலர் சொன்னார். தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் அதுவும் ஓடும். விதைக் கிழங்கிலும் ஒட்டிக்கொண்டு வரும், மண்ணிலும் தங்கும். எங்களுக்கு வந்தது விதையோடு. சுத்தமான விதை என்று சத்தியம் செய்து விற்ற வியாபாரியிடம் போய்க் கேட்டதற்கு, உங்கள் மண் சரியில்லை என்றார். போன வருஷம் அதே மண்ணில்தான் ராகி ஆளுயரம் நின்றது. இனி சில வருஷத்துக்கு அந்தத் துண்டில் இஞ்சி வைக்க முடியாது. எங்களைப் போல் கையளவு பூமி வைத்திருப்பவர்கள் மாற்றி நட வேறு பூமிக்கு எங்கே போவோம்?

ராகியை விட்டுவிட்டு இஞ்சிக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராகி கதிர் முற்றும் நேரத்தில் பன்னேர்கட்டா காட்டில் இருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குவதை நீங்களே வருஷா வருஷம் படத்தோடு போடுகிறீர்கள். யானை ராகியை விடாது, இஞ்சியைத் தின்னாது. அதை நம்பித்தான் எங்கள் பக்கம் பலர் இஞ்சிக்கு மாறினோம். ஆனால் ராகியைத் தேடி வருகிற யானை வரப்பு பார்த்தா நடக்கும்? கூட்டம் ஒன்று ராத்திரி பாத்தி வழியாகப் போய்விட்டால் காலையில் ஒவ்வொரு அடிச்சுவட்டிலும் நசுங்கிய கிழங்கு மணக்கும். நஷ்ட ஈடு கேட்டுப் போனால், தின்றதா, மிதித்ததா என்று முதலில் விசாரிக்கிறார்கள்.

கட்டுரையோடு போட்ட படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இஞ்சித் தோட்டம் என்று அச்சிட்டிருந்த அந்தப் படத்தில் இருப்பது மஞ்சள் செடி. இஞ்சி இலை ஒடுக்கமாக இருக்கும். மஞ்சள் இலையில் பொங்கல் வைத்துச் சாப்பிடலாம். இஞ்சி லாபம் மஞ்சளில் போனது என்ற பழமொழிக்குப் படம் போட்டீர்களோ என்று என் கொழுந்தனார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உடல்நலப் பகுதியில் முன்பு ஒருமுறை, தினமும் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு ஒரு டம்ளர் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்ற பாணியில் எழுதியிருந்தீர்கள். என் மாமியார் அதை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சில வாரத்தில் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம். மருத்துவமனையில் டாக்டரம்மா, புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாத்திரை எடுப்பவர்கள் இஞ்சியை இவ்வளவு அதிகமாக எடுக்கும் முன் கேட்க வேண்டாமா என்று என்னைத்தான் திட்டினார். அந்தத் திட்டில் பாதி உங்களுக்கு உரியது என்று நினைக்கிறேன்.

இஞ்சி வைத்தியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. மசக்கையில் குமட்டலுக்கு இஞ்சித் துவையலும் பிரசவத்துக்குப் பிறகு சுக்கு லேகியமும் சாப்பிட்டு வந்தவள்தான் நானும். நிலவேம்புக் கசாயத்திலும் சுக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் பாட்டி தோலைச் சீவாமல் இஞ்சியைத் தொடமாட்டார். சாறு பிழிந்தால் சற்று நேரம் அசையாமல் வைப்பார். அடியில் வெள்ளையாக மாவு தங்கும். தெளிந்ததை மட்டும் இறுத்து, தேன் விட்டு, சங்கில்தான் கொடுப்பார். நீங்கள் தோலோடு அரைத்து டம்ளரில் குடிக்கச் சொன்னீர்கள். பாரம்பரிய மருத்துவம் என்று மேலே கொட்டை எழுத்து வேறு.

விளைந்த இஞ்சியைச் சுக்காக்கி விற்றால் கூடுதல் வருமானம் என்றும் கட்டுரையில் யோசனை. ஐந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் ஒரு கிலோ சுக்கு தேறும். மூங்கில் சிம்பு வைத்துத் தோல் சுரண்ட வேண்டும். சாயங்காலம் ஆவதற்குள் விரல் இடுக்கெல்லாம் நெருப்பாக எரியும். கைப்பிள்ளை வைத்திருப்பவள் அன்றைக்குப் பிள்ளையைத் தொட முடியாது. பிறகு ஒரு வாரம், பத்து நாள் நல்ல வெயில் வேண்டும். நாங்கள் கிழங்கு தோண்டுவது மார்கழி, தை. தளியில் அப்போது பத்து மணிவரை பனி விலகாது. கோடை வந்தால் எங்கள் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று சுற்றுலாப் பக்கத்தில் எழுதுகிறீர்களே, இங்கிலாந்தில் யார் சுக்கு காயவைக்கிறார்கள்?

2023இல் இஞ்சி கிலோ 200 ரூபாயைத் தாண்டியதும் குடும்பத் தலைவிகள் கவலை என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். நானும் குடும்பத் தலைவிதான். விலை இறங்கி, தோண்டுகூலி கட்டாமல் கிழங்கை மண்ணிலேயே விட்டபோது நானும் கவலைப்பட்டேன். அதற்கு உங்கள் பேப்பரில் இடம் கிடைக்கவில்லை. ராயக்கோட்டையில் தக்காளியை ரோட்டில் கொட்டினால் படம் எடுக்க வந்துவிடுகிறீர்கள். ஏன் கொட்டினான் என்று மறுநாள் கேட்க ஒருவரும் வருவதில்லை.

என் கோரிக்கை இதுதான். தினசரி விலைப் பட்டியலில் இஞ்சி என்று ஒரே வரி போடுகிறீர்கள். புது இஞ்சிக்கு ஒரு விலை, பழைய இஞ்சிக்கு ஒரு விலை என்பது எந்த மண்டியில் கேட்டாலும் சொல்வார்கள். புதுசு வெளுத்த தோல், தண்ணீர்ச் சத்து, சீக்கிரம் வாடிவிடும். பழசு மாதக்கணக்கில் மண்ணில் கிடந்து தோல் தடித்து, நார் ஏறியது, வைத்து விற்கலாம். நாங்கள் பழசைக் கொண்டுபோய் இறக்கினால் வியாபாரி உங்கள் பேப்பரைத்தான் விரித்துக் காட்டுகிறார். “பேப்பர்லயே இதான்க்கா போட்டிருக்கு” என்கிறார். அது புது இஞ்சி விலை என்று நான் சொன்னால், பேப்பர்காரன் பொய்யா எழுதுவான் என்று கேட்கிறார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆகவே புதுசு, பழசு என்று இரண்டு வரியாக, ஓசூர் சந்தை விலையாகப் போட வேண்டுகிறேன். கோயம்பேடு விலை எங்களுக்கு எதற்கு? பட்டியலில் ஒரு வரிதான் கூடும். இடமில்லை என்றால் ராசிபலனில் ஏதாவது ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தளி வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.