மொனொங்கஹேலாவில் யாரும் பதுங்கியிருக்கவில்லை

வரலாற்றுக் கட்டுரைகள் எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும்,

வணக்கம். 1755 ஜூலை 9 அன்று வட அமெரிக்காவின் மொனொங்கஹேலா ஆற்றருகே, பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சு, பூர்வகுடிப் படைகளுக்கும் இடையே நடந்த மொனொங்கஹேலாச் சண்டையைப் பற்றி எழுதும்போதெல்லாம், ‘புதரில் பதுங்கியிருந்த செவ்விந்தியர்கள் பாய்ந்தனர்’ என்ற வரி வந்துவிடுகிறது. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இன்றைய பிட்ஸ்பர்க் இருக்குமிடத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் டுகேன் கோட்டையிலிருந்து புறப்பட்டு, ஆற்றுத்துறையிலேயே பிரிட்டிஷாரை மறிப்பதுதான் பிரெஞ்சுத் தளபதி பூஜோவின் திட்டம். நேரம் போதவில்லை. அன்று காலையில்தான் கோட்டை வாசலில் வெடிமருந்து, குண்டுப் பீப்பாய்களைத் திறந்துவைத்தார்கள். வீரர்கள் வேண்டியதை அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குள் பிரிட்டிஷார் ஆற்றை இரண்டாம் முறையும் கடந்து கரையேறிவிட்டார்கள். காட்டுப்பாதையில் இரு படையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. சண்டை தொடங்கிய சற்று நேரத்திலேயே பூஜோ இறந்தார், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த டூமா பொறுப்பேற்றார்.

பிரிட்டிஷ் படையை நடத்திவந்த ஜெனரல் பிராடக் ஏன் தோற்றார் என்பதை விரிவாக எழுதுங்கள். பாதையின் அகலம் 12 அடி. முன்னே தாமஸ் கேஜின் முன்னணிப்படை, அதன் பின்னே மரம் வெட்டிப் பாதை போடுவோர், பிறகு முதன்மைப்படை. முன்னணி பின்வாங்கிய அதே நேரத்தில் முதன்மைப்படையை முன்னே அனுப்பினார்கள். மூன்றும் ஒன்றோடொன்று சிக்கி, எந்தக் கம்பெனி எதுவென்று தெரியாமல் போயிற்று. வலப்புற மேட்டையும் யாரும் பிடித்துவைக்கவில்லை. எதிரிகள் இரு பக்கமும் மரங்களுக்குப் பின்னால் நீளமாகப் பரவ, பாதையில் நெருக்கியடித்து நின்றவர்கள் புகையைப் பார்த்துச் சுட்டார்கள். பிரிட்டிஷார் பக்கம் மரத்தின் மறைவில் நின்று போரிட்ட வர்ஜீனியக் குடியேற்றப் படையினர் சொந்தப் படையின் குண்டுக்கே பலியானார்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 1,300 பேரில் 900 பேர் வரை இறந்தோ காயம்பட்டோ போனார்கள். பிராடக் ஜூலை 13-இல் இறந்தார். அவரைப் பாதையின் நடுவிலேயே புதைத்து, தடம் தெரியாதபடி மேலே வண்டிகளை ஓட்டினார்கள்.

‘பிரெஞ்சுப் படையும் அதன் துணைப்படையும்’ என்பதும் சரியல்ல. பிரெஞ்சுக்காரர்களும் கனடியரும் சுமார் 250 பேர். பூர்வகுடி வீரர்கள் 600-க்கும் மேல். ஒட்டாவா, ஒஜிப்வே, பொட்டவாட்டமி, வயண்டாட், ஷானி, லெனாபே என்று அவர்களைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

இந்தச் சண்டை அடங்கிய போருக்கு ‘பிரெஞ்சு இந்தியப் போர்’ என்ற தலைப்பும் வேண்டாம். அதில் ‘இந்திய’ என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கிறது. கர்நாடகப் போர்களைப் படித்த நம் மாணவர்கள் அதைப் புதுச்சேரிச் சண்டை என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘வட அமெரிக்காவில் பிரிட்டிஷ்-பிரெஞ்சுப் போர், 1754–63’ என்று போடுங்கள்.