சிஎன்சி கோர்ஸ்ல பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து நம்ம பேப்பர்ல அடுத்து என்ன படிக்கலாம்னுதான் பக்கம் பக்கமா வருது, இன்ஜினியரிங், நர்சிங், ஏஐ எல்லாம் பெருசு பெருசா போட்டுட்டு ஐடிஐ பத்தி மூலைல நாலு வரி. அதான் எழுதறேன். கோவை கணபதியில சின்னதா பட்டறை வச்சிருக்கேன், ரெண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (அதே மாதிரி ஓடற மில்லிங் மெஷின்), பம்பு கம்பெனிங்களுக்கு ஜாப் ஒர்க்.

ஒன்றரை வருசம் முந்தி ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். ஏதோ ஒரு சென்டர்ல மூணு மாச சிஎன்சி கோர்ஸ், 35,000 ரூவா கட்டியிருக்காங்க, அவங்கப்பா டெம்போ ஓட்டறவரு. மெஷினுக்கு கட்டளை குடுக்கற ஜி கோடு எம் கோடு கேட்டா மளமளனு சொல்றான், ஜி00 வேகமா போறது, ஜி01 வெட்டிக்கிட்டே போறது, எம்03 போட்டா ஸ்பிண்டில் சுத்தும், எம்08 கூலன்ட். சரி கண்ணுனு ஒரு புஷ்ஷை (நடுவுல ஓட்டை இருக்கற உருளை) கைல குடுத்து, ஓட்டையோட அளவு 25 ஹெச்7 வந்திருக்கா பாருன்னேன். வெர்னியரை உள்ள விட்டுட்டு "கரெக்டா 25 இருக்குதுங்ணா"ங்கறான். 25 ஹெச்7னா 25.000 மில்லிமீட்டர்ல இருந்து 25.021 வரைக்கும்தான், மொத்தமே 21 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அந்த வெர்னியர்ல படிக்க முடிஞ்ச சின்ன அளவே 0.02, இதுல அது எங்க தெரியும்? ஓட்டை அளவை சோதிக்கற ப்ளக் கேஜை எடுத்து குடுத்தேன், கோ பக்கம் எறங்கணும் நோ கோ பக்கம் எறங்கக் கூடாது, அவ்ளோதான் விசயம், அவன் அந்த கேஜை திருப்பித் திருப்பிப் பார்க்கறான், அதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். மெஷின்ல எவ்ளோ நேரம்டா நின்னேன்னு கேட்டா, 30 பேருக்கு ஒரே மெஷின், மீதியெல்லாம் கம்ப்யூட்டர்ல சிமுலேஷன், அவன் கைக்கு வந்தது மூணு மாசத்துக்கும் சேர்த்து நாலு மணி நேரம்.

சிமுலேஷன் தப்புனு சொல்ல வரலீங்க, புரோகிராம் எழுதிப் பழக நல்லதுதான். ஆனா ஸ்கிரீன்ல டூல் இடிச்சா அழிச்சுட்டு மறுபடி ஓட்டிக்கலாம். நான் ஆப்பரேட்டரா இருந்தப்போ ஒரு தடவை டூலை வெளிய எடுக்க எக்ஸ்100னு அடிச்சேன், புள்ளி வைக்க மறந்துட்டேன். மெஷினை ஓட்டற பழைய ஃபானக் கம்பெனி கன்ட்ரோல்ல புள்ளி இல்லைன்னா அதை 100 மில்லினு எடுத்துக்காது, 100 மைக்ரான்னு எடுத்துக்கும், அதாவது 0.1. வெளிய போக வேண்டிய டூல் ரேப்பிட்ல (வெட்டாம போற முழு வேகத்துல) நேரா சுத்திட்டிருக்கற ஜாப் (வெட்டற பொருள்) மேல போச்சு. டமார்னு ஒரு சத்தம், இன்சர்ட் (வெட்டற முனை) தெறிச்சு, அதைப் புடிச்சிருக்கற ஹோல்டர் வளைஞ்சு, டூலெல்லாம் மாட்டற டரெட் அலைன்மென்ட் போயி மூணு நாள் மெஷின் நின்னுச்சு. அன்னைக்கு மொதலாளி மூஞ்சில முழிக்க முடியலை. இன்னைக்கும் புது புரோகிராம்னா ஒவ்வொரு வரியா ஓடற சிங்கிள் பிளாக் போட்டு, ரேப்பிட்டை குறைச்சு வச்சு, ஒரு விரலு டூலை நிறுத்தற ஃபீட் ஹோல்டு பட்டன் மேலயேதான் இருக்கும். இந்த பயம் மெஷின் முன்னாடி நின்னாத்தான் வரும்.

அதனால பெத்தவங்க கேக்க வேண்டியது பீஸ் எவ்ளோ, பிளேஸ்மென்ட் உண்டாங்கறது இல்லீங்க. என் பையன் கைல மெஷின் எத்தனை மணி நேரம் இருக்கும், கையால ஓட்டற சாதா லேத்து இருக்கா, மைக்ரோமீட்டர் ஆளுக்கு ஒண்ணு குடுப்பீங்களா, இதைக் கேளுங்க. இத்தனைக்கும் கவர்மென்ட் ஐடிஐல டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் ரெண்டு வருசம், பத்தாவது பாஸ் போதும், டியூஷன் பீஸ் கிடையாது, மாசம் 750 ரூவா உதவித்தொகை வேற. கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களா இருந்தா புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூவாயும் வரும். டாட்டா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 கவர்மென்ட் ஐடிஐல புது மெஷினெல்லாம் எறக்கியிருக்காங்க, அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் டெக்னீசியன்னே தனி டிரேடு இருக்கு. ஐடிஐ முடிச்சா டிப்ளமோ நேரா ரெண்டாவது வருசம் சேரலாம், அங்கிருந்து பிஇ கூட போலாம். இது தெரியாம வட்டிக்கு வாங்கி 35,000 கட்டறாங்க.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்குதுங்க, மறைக்கலை. பையனை எடுத்தோம்னா 12 மணி நேர ஷிப்ட்ல ஜாப்பை மாட்டு, கதவைச் சாத்து, சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கு, கழட்டு, இதையே அஞ்சு வருசம் செய்ய விடறோம். டூல் அளவைத் திருத்தற ஆஃப்செட் பக்கம் கை வச்சா திட்டறோம். அப்புறம் மெஷினை செட் பண்ணற செட்டர் கெடைக்கலை, புரோகிராமர் கெடைக்கலைனு நாங்களே பொலம்பறோம். செட்டிங் கத்துக்குடுத்தா அடுத்த மாசம் பக்கத்து பட்டறைக்காரன் ரெண்டாயிரம் சேத்தி குடுத்து கூட்டிட்டுப் போயிருவான்னு பயம், அது நெசமாவும் நடக்குது, என்ன பண்ண.

அந்த பையனை நான் திருப்பி அனுப்பலை. ஆறு மாசம் சாதா லேத்துல விட்டேன், டூல் பிட்டை கிரைண்டர்ல அவனே புடிச்சு தீட்டினான், கைல ரெண்டு எடத்துல சூடு வாங்கினான். போன மாசம் ஓடிட்டிருந்த மெஷினை அவனா நிறுத்திட்டு நிக்கறான், என்னடானா "சத்தம் மாறுதுங்ணா"ங்கறான், கழட்டிப் பார்த்தா இன்சர்ட் மூக்குல சில்லு பேர்ந்து கெடக்குது.

உங்க பேப்பர் மூலமா தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு கோரிக்கை. எங்க பட்டறைங்கள்ல அஞ்சு ஆறு வருசமா பட்டன் அமுக்கிட்டிருக்கற ஆப்பரேட்டருங்க செட்டிங்கும் புரோகிராமிங்கும் கத்துக்கற மாதிரி, அந்த ஐடிஐ மெஷினுங்களை சாயங்காலம் 6 மணியில இருந்து 8 மணி வரைக்கும் அவங்களுக்கு ஒரு பேட்ச் வச்சு குடுங்க. வேலையை விட்டுட்டு பகல்ல போய் படிக்க அவங்களுக்கு கட்டுபடியாகாது, வீட்டு வாடகை இருக்கு, புள்ளைங்க இருக்கு. என் பட்டறைல இருந்தே ரெண்டு பேரு வர ரெடி, பீஸ் எதுனா இருந்தா நானே கட்டிடறேன், ஷிப்டை 5 மணியோட முடிச்சு விடணும், அது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பட்டறைக்காரன் ஒருத்தன்,
கணபதி, கோவை.