மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதித் தந்த அக்காவுக்கு

சென்ற ஆடி மாதம், சென்னையில் ஒரு மனநல மருத்துவமனை வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது என்று மகள் சொன்ன மூன்றாம் நாள் அது. "மாற்றிவிடலாம்" என்றார் மருத்துவர். வெளியே வந்து அழுதேன். நீங்கள் எதையும் துருவிக் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். பிறகு, உங்கள் மகனும் அவனுடைய துணைவனும் பொங்கல் பானையருகே நிற்கும் படத்தைக் காட்டினீர்கள். "இது நோயில்லையம்மா. மாற்றுகிறேன் என்று வைத்தியம் செய்வதைத் தடைசெய்யச் சொல்லி 2021இலேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது" என்றீர்கள். அந்த உத்தரவை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், புரிந்துகொள்வதற்காகத் தாமே உளவியலாளரிடம் போய் அமர்ந்தார் என்பதையும் உங்களிடம்தான் அறிந்தேன். நீதிபதியே கற்றுக்கொண்டார் என்றால் எனக்கென்ன கூச்சம்!

சீட்டின் பின்புறம் 'ஓரினம்' என்று, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணைநிற்கும் சென்னைக் குழுவின் பெயரை எழுதித் தந்தீர்கள். மருந்து வாங்கவில்லை, அந்தப் பெயரைத் தேடிப் போனேன். தமிழிலேயே படிக்கக் கிடைத்தது. மகள் இப்போது என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஜூனில் வானவில் பேரணிக்கு இருவரும் போனோம். கூட்டத்தில் உங்கள் முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அக்கா.