முடிஞ்சு மக்கா

மக்கா,

நேத்து ராத்திரி பதினொண்ணு மணிக்கு நம்ம கன்வர்ட்டருக்க ரெப்போவ, பழைய பாமினி ஃபாண்ட்ல அடிச்சத யூனிகோடுக்கு மாத்துக அந்தக் கோடு கெடக்க எடத்த, ஆர்க்கைவ் பண்ணிட்டேன். கிட்ஹப் நெசமாவான்னு ஒரு தடவ கேட்டுச்சு, ஆமான்னேன், மேல மஞ்சளா ஒரு பட்டை வந்துச்சு, இனி இத வாசிக்க மட்டுந்தான் முடியும்னு. அந்தப் பட்டையப் பாத்துக்கிட்டே ஒரு கட்டஞ்சாயா போட்டுக் குடிச்சேன். அவ எந்திச்சு வந்து இந்நேரத்துல என்ன சாயான்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.

இத வாட்ஸப்ல அனுப்பிருக்கலாம். அனுப்புனா ரெண்டு நீல டிக் விழும், அதோட சரி, போன தடவையும் அதானே நடந்துச்சு. அதனால இங்க எழுதுதேன். இங்க எழுதுனா ஊரு பூரா படிக்கும், உனக்க மச்சினன் படிப்பான், லினக்ஸ் குரூப் பயலுவ படிச்சிட்டு கமெண்ட்ல லைசென்ஸ் கிளாஸ் எடுப்பானுவ. சில விசயத்தத் தொடாம போறேன், உனக்குப் புரியும், மத்தவங்களுக்குப் புரியலேன்னா போட்டும்.

ஏன் இப்பம்னு கேப்ப. போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. உங்க கன்வர்ட்டர் கொள்ளாம், உங்களுக்கு நேரமில்லன்னு தோணுது, கமிட் ரைட்ஸ், அதான் கோட மாத்துக உரிமை, குடுத்தா நான் பாத்துக்கிடுதேன்னு ஒருத்தன். அக்கவுண்ட தொறந்து மூணு மாசந்தான் ஆவுது. முன்னாடின்னா இப்படி ஒரு மெயிலுக்கு நான் ரசவடை வாங்கி ஊருக்கே குடுத்திருப்பேன். ஆனா லினக்ஸ்ல ஃபைலச் சுருக்குக எக்ஸ்இசட்ல 2024 மார்ச்சுல நடந்த கூத்துக்குப் பெறவு அப்படிச் சந்தோசப்பட முடியல. நீ மஸ்கட்ல சர்வர்தான் பாக்குத, அன்னைக்கு ராத்திரி நீயும் எங்கயாவது அதுக்க வெசம் வச்ச 5.6.0, 5.6.1 வெர்ஷன் கெடக்கான்னு தேடிருப்ப. சர்வருக்குள்ள போற எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் லேட் ஆவுதேன்னு தோண்டித் துருவி கண்டுபுடிச்ச ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட எல்லாரும் தலைல தூக்கி வச்சாங்க, வைக்க வேண்டியதுதான். எனக்கு மனசுல நின்னது லாஸ்ஸே கொலின். சம்பளமில்லாம ஒத்தைக்கு அந்த எக்ஸ்இசட்ட இத்தன வருசம் இழுத்துட்டு வந்த மனுசன், மனசு சரியில்லன்னு வாயத் தொறந்து சொல்லவுஞ் செஞ்சான், அதுக்கும் மேல நாலு பேரு ஏன் லேட்டுன்னு நெருக்குனானுவ. அந்த நேரத்துல ஜியா டான்னு ஒரு பேருல நல்ல புள்ளையா ஒருத்தன் வந்து ரெண்டு வருசத்துக்கு மேல ஒழுங்கா வேல செஞ்சு, சாவி கைக்கு வந்ததும் சர்வருக்குள்ள கள்ள வாசல் தொறக்க வெசத்த வச்சான்.

எனக்கு மெயில் போட்டவன் பாவம் நாகர்கோவில்ல காலேஜ் படிக்க பயலாக்கூட இருக்கும். சந்தேகப்பட்டது தப்பா இருக்கலாம். பதில் அடிக்க ஒக்காந்தேன், ஒரு மணிக்கூர் ஆச்சு, ஒரு வரி வரல. கடைசில பாத்தா எனக்கப் பிரச்சன அவன் யாருங்கதுல இல்ல. குடுக்கதுக்கு அது எனக்க சாதனமா?

தக்கலைல அந்த மாடி கடை, ஐப்பசி மழை. பேக்கரிக்காரரு கீழ ஷட்டர் எறக்கிட்டாரு. சபை நூற்றாண்டு மலரு 300 பக்கம் பேஜ்மேக்கர் 7ல பாமினில கெடக்கு, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்த ஏத்தி வச்ச ஃபாண்ட் அது, அத நெட்ல போட்டுத் தரணும்னு கேட்டுட்டாங்க, நீயும் சரின்னுட்ட. நீ போன எடுத்தாலே ஹலோ கெடயாது, டி இசட் எஃப் செமிகோலன் எஃப் கே செமிகோலன்னு சொல்லுவ, பாமினி தெரிஞ்சவன் வணக்கம்னு திருப்பிச் சொல்லுவான், தெரியாதவன் ராங் நம்பர்னு வச்சிருவான். முதல்ல விபி 6ல எழுதுன, டெக்ஸ்ட் பாக்ஸ் பூரா கேள்விக்குறியா வந்துச்சு, சவத்தன்னு அதத் தூக்கிப் போட்டுட்டு பைத்தானுக்கு வந்த. பாமினில கொம்ப முதல்ல அடிக்கணும், யூனிகோட்ல கொம்பு எழுத்துக்குப் பெறவுதான் வரணும், அதத் திருப்பிப் போடுகது ஒரு சாயா நேரத்துல முடிஞ்சுது. கொ, கோ எல்லாம் சும்மா வந்து விழுந்துச்சு.

மாட்டுனது ஔகாரத்துல. கௌரின்னு அடிக்கவும் என் எஃப் எஸ், கெளிறுன்னு மீன் பேர அடிக்கவும் என் எஃப் எஸ். கொம்பு, க, ள. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், மெஷினுக்கு எப்படித் தெரியும்? நீ கால பெஞ்சுல மடக்கி வச்சுக்கிட்டு ஒரு பழைய கல்யாண கார்டுக்குப் பின்னால எழுத ஆரம்பிச்ச. ள மேல புள்ளி இருந்தா, இல்ல கூட வேற குறி ஒட்டிருந்தா, அது வெறும் ள. வெள்ளி, தெளிவு, கெளிறு. மொட்டையா நின்னா ஔ. மௌனம், பௌர்ணமி, கௌரி. இவ்வளவுதாம்லேன்னு சொல்லி ரன் அடிச்ச, 200 பக்கம் தண்ணியாட்டம் போச்சு, அப்பம் கரண்டு போச்சு. யூபிஎஸ் கத்துது, பத்து நிமிசம் தாங்கும். அந்தப் பத்து நிமிசத்துலதான் அந்தப் பாட்டிக்கப் பக்கம் வந்துச்சு. சபைல மூத்த ஒரு பாட்டி சொல்லச் சொல்ல யாரோ அப்படியே பேச்சுத்தமிழ்ல எழுதிருக்காங்க. வெளக்குன்னு அவங்க சொன்னது வௌக்குன்னு வந்துச்சு. வெளச்சல் வௌச்சலாச்சு. வெளங்காத பயன்னு இருந்தது வௌங்காத பயன்னு நிக்குது. நீ சிரிச்ச சிரிப்புல பெஞ்சே ஆடுச்சு. புஸ்தகத் தமிழுக்கு சரியா நின்ன ரூலு, நம்ம ஊருக்காரி வாயத் தொறந்ததும் நாசமாப் போச்சு.

"வௌல தொடங்குகது தமிழ்ல வௌவால் மட்டுந்தாம்லே"ன்ன. வௌவுதல்னு ஒண்ணு உண்டும்னு நான் சொன்னேன், அடுத்தவன் சாதனத்தப் பிடுங்குகதுன்னு அர்த்தம். அத எவன்லே நோட்டீஸ்ல அடிப்பான்னு கேட்டுட்டு, எக்செப்ஷன் ஃபைல்னு ஒண்ண தொறந்து ரூலுக்கு அடங்காத சொல்ல ஒவ்வொண்ணாப் போட ஆரம்பிச்ச. யூபிஎஸ் சாகதுக்கு முன்னால கடைசியா ஸ்டேட்டஸ் பார்ல வந்த வரிய நீதான் வச்ச. முடிஞ்சு மக்கா.

அந்த ராத்திரிய நான் எத்தன தடவ நெனச்சிருப்பேன்னு உனக்குத் தெரியாது.

அதுக்குப் பெறவு நடந்தது உனக்குத் தெரியும். ஒரு நோட்டுல மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவில் வரைக்கும் 40 டிடிபி கடை பேரு எழுதி வச்சிருந்த, காப்பி ஒண்ணுக்கு 500 ரூவா. நான் கட்டற்ற மென்பொருள், யாரும் எடுக்கலாம், மாத்தலாம், பகிரலாம்னு பிரசங்கம் பண்ணுனேன். "கட்டற்றது சரிதாம் மக்கா, கரண்டு பில்லு யாரு கட்டுவா?"ன்னு கேட்ட. நல்ல ஜோக்குன்னு சிரிச்சேன். நீ சிரிக்கல, நான் அதக் கவனிக்கல. அந்த மாசம் உங்க வீட்டுல என்ன நெலமன்னு எனக்குத் தெரியும். அத இங்க எழுத மாட்டேன்.

இருந்தும் கோட ஜிபிஎல் லைசென்ஸ்ல நெட்ல அப்லோட் பண்ணுனேன். உங்கிட்ட கேக்காம.

ஏன்னு எனக்கே நான் சொல்லிக்கிட்ட கதை ஒருபாடு உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்த ஆரம்பிச்ச ஸ்டால்மன் வந்து அந்த இயக்கத்துக்க இந்திய அமைப்பு எஃப்எஸ்எஃப்ப திருவனந்தபுரத்துல 2001ல தொடங்கி வச்சாரு, நம்ம ஊருல இருந்து பஸ்ல ரெண்டு மணிக்கூர் தூரம். களியக்காவிளை தாண்டுனா கேரளா, அங்க ஸ்கூல் புள்ளைய லினக்ஸ்லதான் ஐடி படிக்குது. இங்க 2011ல கவர்மெண்ட் இலவச லேப்டாப் குடுத்தப்ப ஆரம்பத்துல வந்ததுல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, அத அழிச்சிட்டு மொத்த டிஸ்க்கையும் திருட்டு விண்டோஸுக்குக் குடுக்கதுக்கு நம்ம கடைலயே ஆளுக்கு 200 வாங்குனோம். எனக்கு வயிறு எரிஞ்சுது. நீ அந்த 200அ எண்ணிக்கிட்டே, இது சேவைலேன்னு சொல்லுவ. நம்ம கைலேர்ந்து ஒரு சாதனமாவது ஊருக்குப் போவட்டுமேன்னு நெனச்சேன், இப்பமும் அது தப்புன்னு நெனக்கல. தமிழ்ல எழுதுனது எல்லாம் ஒரு ஃபாண்ட நம்பி டிஸ்க்குல செத்துக் கெடக்குது, அதத் தொறக்க சாவிக்கு 500 ரூவா கேக்கப்புடாது. இதுல நான் மாற மாட்டேன்.

ஆனா ஜிபிஎல்ல, வாங்குனவனுக்குக் கோடையும் குடுக்கணும்ங்க அந்த லைசென்ஸ்ல, விக்கக்கூடாதுன்னு ஒரு வரி கெடயாது. ஸ்டால்மனே ஈமேக்ஸ்ங்க தனக்க எடிட்டர் டேப்ப 150 டாலருக்கு வித்தவருதான். அது எனக்கு அப்பமே தெரியும். கோடையும் கூடக் குடுத்துட்டு 40 கடைக்கும் போய் இன்ஸ்டால் பண்ணி 500 வாங்குலேன்னு உங்கிட்ட சொல்லிருக்கலாம். சொல்லல. சும்மா குடுக்க மனுசன்னு நாலு பேரு என்னச் சொல்லணும்னு ஆசை, வேறென்ன.

அதவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு, குரூப்ல யாரும் இத எங்கிட்ட கேட்டதே இல்ல. ஜிபிஎல் நிக்கதே காப்புரிமை மேலயாக்கும். எழுதுனவன்தான் லைசென்ஸ் போட முடியும். கோடு 900 வரில 700 உனக்கது, ரூலு உனக்கது, எக்செப்ஷன் ஃபைல் பூரா உனக்கது. நான் தலைப்புல காப்புரிமை 2013ன்னு போட்டு எனக்கப் பேர மட்டும் எழுதுனேன். உனக்கப் பேரு ரீட்மிங்க விளக்க ஃபைல்ல கீழ, நன்றிக்குப் பக்கத்துல. மென்பொருள் விடுதலையப் பத்தி அவ்வளவு பேசுனவன் செஞ்ச வேல இது. வௌவுதல்.

மன்னிச்சிரு.

இதச் சொல்லிட்டேன், இனி நான் சொல்லுகதையும் கேளு. அந்த சிடி விசயத்துல நீ எனக்க மேல போட்ட பழி அநியாயம். ஒருத்தன் கோட எடுத்து, தலைப்ப அழிச்சு, டாங்கிள்னு ஒரு பூட்டச் சொருகி 2500 ரூவாய்க்கு வித்ததுக்கு நானா பொறுப்பு? அவன் மீறுனது லைசென்ஸ. யாரு எவருன்னு இங்க வேண்டாம். நீ நாகர்கோவில்ல ஒரு கடைல அத ரன் பண்ணிப் பாத்துட்டு போன் பண்ணுன, "லே, இதும் முடிஞ்சு மக்கான்னு சொல்லுதுலே"ன்ன. கள்ளனுக்கு அந்த வரிய மாத்தக்கூடத் தெரியல. நான் அதுக்குச் சிரிச்சிட்டேன். சத்தியமா அது தெரியாம வந்த சிரிப்பு. நீ வெளங்கமாட்டன்னு சொல்லிட்டு வச்ச, அதுதான் நாம கடைசியாப் பேசுனது. அடுத்த மாசம் நீ மஸ்கட் போயிட்டன்னு பேக்கரிக்காரரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேக்கரிக்காரரு!

நீ போயிட்ட. நான் கெடந்தேன் அதோட. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஓட சங்கு ஊதுனப்ப அந்த 900 வரியையும் 3க்கு மாத்துனது நான். நீ அங்கங்க ஸ்ட்ரிங்கையும் யூனிகோடையும் கலந்து வச்சிருந்த, தொட்ட எடமெல்லாம் எரர், மூணு ராத்திரி. தெனமும் சார் ஒர்க் ஆவல சார்னு மெயிலு, என்ன ஃபைல், என்ன வெர்ஷன் ஒண்ணும் இருக்காது. காலுக்குப் பதிலா ர அடிச்சு வச்ச பழைய ஃபைல அனுப்பி கன்வர்ட்டர் தப்புன்னு சண்ட போடுவாங்க. ஒரு ஆளு ஒரு சாயாக்காசு குடுத்ததில்ல. உனக்கு அங்க ரியால்ல சம்பளம், எனக்கு இங்க இது. ஒரு தடவையாவது என்னலே ஆச்சுன்னு கேட்டியா?

கேட்ட. கேட்டதாத்தான் நெனக்கேன். 2019ல படமில்லாத ஒரு அக்கவுண்ட்ல இருந்து ஒரு இஷ்யூ, அதான் பிழைப் புகாரு, வந்துச்சு, வெளஞ்சன்னு அடிச்சா வௌஞ்சன்னு வருதுன்னு. ஃபைல் இருந்துச்சு, வெர்ஷன் இருந்துச்சு, எத்தனாவது வரின்னும் இருந்துச்சு. அப்படி இஷ்யூ போடுக ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தந்தான். நன்றி சார்னு போட்டு க்ளோஸ் பண்ணிட்டேன். சார்னு எழுதும்போது கை கூசுச்சு.

அந்த பென்டியம் 4 கம்ப்யூட்டர் எங்கிட்டதான் இருக்கு. அப்பப்ப பீப் அடிக்கும், ரேம உருவி அழிரப்பர வச்சு தங்கக் கலர்ப் பக்கத்தத் தேய்ச்சிட்டுத் திருப்பிச் சொருகுனா ஓடும், நீ சொல்லித் தந்ததுதான். அதுல டெபியன் 12 லினக்ஸ் ஓடுது. 2025 ஆகஸ்ட்ல வந்த 13ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கெடயாது. விண்டோஸ்காரன் பழைய மெஷின தெருவுல விடுதான்னு அவ்வளவு ஏசிருக்கேன், இப்பம் எனக்க ஆளுவளும் விட்டுட்டானுவ. நீ இருந்தா இத வச்சு ஒரு வாரம் ஓட்டிருப்ப.

ஆர்க்கைவ் பண்ணுகதுக்கு முன்னால ஒரு கமிட் போட்டேன். தலைப்புல உனக்கப் பேரு முதல்ல, எனக்கது ரெண்டாவது. ஏற்கனவே ஜிபிஎல்ல வெளிய போனதத் திருப்பி வாங்க முடியாது, அது போனது போனதுதான். ஆனா உனக்க பங்க நீ வேற லைசென்ஸ்ல விக்கலாம், அதுக்குத் தடையில்ல, எனக்க 200 வரியையும் உனக்கே எழுதித் தாறேன். ரெப்போவும் வேணும்னா சொல்லு, தொறந்து உனக்கப் பேருக்கு மாத்தி விடுதேன். அத ஏத்துக்கிட உனக்கு வார லிங்க் ஒரு நாளுதான் நிக்கும், அதனால நீ சொல்லாம அனுப்ப மாட்டேன். மெயில் போட்ட பயலுக்கும் இதையே சொல்லிட்டேன், ஓனரு வேற ஆளு, கேட்டுட்டுச் சொல்லுதேன்னு.

அப்புறம் எக்செப்ஷன் ஃபைல முழுசா ஒரு தடவ டெஸ்ட் பண்ணுனேன். கடைசி வரி நீ போட்டது. வெளங்கமாட்ட.

சரியாத்தான் வருது.