கெமிக்கல மட்டும் குத்தம் சொல்லாதீங்க, ரத்தத்தையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணி மூணு மாசத்துல சீப்பு நிறைய முடி, கெமிக்கல்தான் காரணம்னு நானே முடிவு பண்ணி ஷாம்பு ஷாம்புவா மாத்திட்டிருந்தேன். டாக்டர் என் முடிய வெளிச்சத்துல காட்டினாங்க, வேர்ப்பக்க முனையில வெள்ளையா சின்ன குமிழ் இருந்தா வேரோட உதிர்ந்தது, இல்லாட்டி கெமிக்கல்லயோ சூட்டுலயோ பாதியில ஒடிஞ்சது. எனக்கு ரெண்டுமே இருந்துச்சு. டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் நார்மல், ஆனா உடம்புல இரும்புச்சத்து எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் ரொம்ப கம்மி, முடி வேரோட உதிர்றதுக்கு அதுவும் காரணமா இருக்கலாமாம். ஒரு நாளைக்கு 50-லேர்ந்து 100 முடி உதிர்றது சாதாரணம், அதுக்கு மேல போனா ஃபெரிட்டினையும் கேட்டுப் பாருங்க தோழிகளே. முடி வளரும்னு பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரைய நாமளா வாங்கி முழுங்குறோமே, அது தைராய்டு டெஸ்ட் ரிசல்ட்டையே தப்பா காட்டிடலாம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி