முதலுதவித் தொண்டர் சங்க ஆண்டறிக்கை, குன்னூர்

தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. பள்ளிகளில் முதலுதவி வகுப்பும் வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன் எழுந்து போய்விட வேண்டாம். இனி, இந்த ஆண்டின் பாதியை விழுங்கிய விஷயத்துக்கு வருகிறேன்: ட்ரையாஜ் அட்டை, அதாவது ஒரே விபத்தில் பலர் காயம்பட்டால் யாரை முதலில் கவனிப்பது என்று காட்ட அவர்கள் மேல் கட்டும் வண்ண அட்டை.

2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் பக்கம் சுற்றுலா பஸ் கவிழ்ந்து 9 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பஸ்ஸில் இருந்தவர்கள் 50 பேருக்கு மேல். அத்தனை பேர் ஒரே சரிவில் கிடந்தால், அலறுகிறவரிடம்தான் நம் கால் ஓடும். சத்தமே இல்லாமல் கிடப்பவர் விட்டுப்போவார். அட்டை வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

நாம் பழகியிருப்பது ஸ்டார்ட் முறை. காயம்பட்டவர்களை நான்கு நிறமாகப் பிரிப்பது: சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டும், மஞ்சள் சற்றுக் காத்திருக்கலாம், பச்சை லேசான காயம், கறுப்பு இறந்தவர் அல்லது பிழைக்க வாய்ப்பில்லாதவர். 1980களில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் தீயணைப்புத் துறையும் ஒரு மருத்துவமனையும் சேர்ந்து வகுத்தது. எழுந்து நடப்பவருக்குப் பச்சை. மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறக்க வேண்டும்; வந்தால் சிவப்பு, அப்போதும் வராவிட்டால் கறுப்பு. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, "என் கையைப் பிடிங்க" என்றால் பிடிக்க முடியாவிட்டாலோ சிவப்பு. இரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் மஞ்சள்.

அந்த இரத்த ஓட்டத்தில்தான் மலை நம்மைக் கவிழ்த்தது. பழைய பாடப்படி நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் அதன் நிறம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் சிவப்பு அட்டை. பனிமூட்டக் காலை ஒன்றில் ஒத்திகை வைத்தோம். விறைத்த விரலில் நிறம் எங்கே சீக்கிரம் திரும்பும்? டீ டம்ளருடன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொருளாளருக்கே சிவப்பு அட்டை விழுந்தது. ஸ்டார்ட் முறையிலேயே பிற்பாடு நகத்துக்குப் பதில் மணிக்கட்டு நாடி என்று மாற்றிவிட்டார்கள் என்பதை நம் பயிற்சியாளர் எடுத்துக்காட்டினார். இனி நாமும் நாடிதான் பார்ப்போம்.

அப்புறம் எந்த அட்டை என்ற சண்டை. மூன்று மாதிரி வரவழைத்தோம். சாதா அட்டை ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் கிடந்து கூழாகிவிட்டது, அதோடு அதன் கதை முடிந்தது. கிழிக்கும் அட்டை நனையாத தாளில் வருகிறது, விலையும் குறைவு. கீழே வண்ணப் பட்டைகள். நோயாளியின் நிறம் வரை கிழித்துவிட்டுக் கட்டுவது. ஆனால் ஒருவர் மோசமானால் இன்னும் கிழிக்கலாம், தேறினால் கிழித்ததை ஒட்ட முடியாது, புது அட்டை கட்ட வேண்டும். புது எண், பழைய குறிப்பு எங்கேயோ. மடிப்பு அட்டையில் வேண்டிய நிறத்தை வெளியே மடித்துப் பைக்குள் செருகினால் போதும், எந்தப் பக்கமும் மாற்றலாம். விலை கூடத்தான். செயற்குழுவில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மடிப்பு அட்டை ஜெயித்தது. கிழிக்கும் அட்டைக்கு வாக்களித்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு: கையுறை போட்ட ஈர விரலுக்கு மடிப்பது சிரமம். ஒத்திகையில் நானே இரண்டு முறை மஞ்சளுக்குப் பதில் பச்சையைச் செருகினேன்.

மஞ்சள் தெருவிளக்கில் நிறங்கள் ஒன்றுபோல் தெரிவதால், ஒவ்வொரு பக்கத்திலும் நிறத்தின் பெயரைத் தமிழில் பெரிதாக அச்சடிக்கச் சொல்லியிருக்கிறோம். அட்டையைக் கையிலோ காலிலோ கட்டுங்கள். சட்டையில் கட்டினால், காயம் பார்க்கச் சட்டையை வெட்டும்போது அட்டையும் போய்விடும்.

கறுப்பு பற்றி ஒரு வார்த்தை. ஒத்திகையில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், காயம்பட்டவராக நடித்துக் கண்ணை மூடிக் கிடந்த பையனின் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "என் கையால கட்ட மாட்டேன்பா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. உதவிக்கு ஆள் சேர்ந்து, சிவப்பு அட்டைக்காரர்கள் எல்லாம் வண்டி ஏறிப்போனதும் கறுப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று பயிற்சிக் குறிப்பில் சேர்த்தோம். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால் அந்த அணிக்கு மாற்றிவிட்டேன்.

அட்டைப் பைகள் அலுவலக அலமாரியில் உள்ளன. சாவி என்னிடமும் துணைச் செயலாளரிடமும் இருக்கிறது. நனைந்த அட்டையில் பேனா எழுதாது என்பதால் பைக்கு இரண்டு பென்சில் வைத்தோம். நான்கைக் காணோம். எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பி வைக்கவும்.